அரைகுறை

எங்கள் வீட்டில் ‘அரைகுறை’ என்பது திட்டும் சொல். அம்பாங்கான் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஐந்தாண்டுகள் பரதம் பயின்றேன். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என வளர்ந்து வர்ணத்தின் முத்தாயி ஸ்வரத்தோடு நின்றுபோனேன். சரணத்தைத் தொடவே இல்லை. அரங்கேற்றச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது என்று அப்பா சொன்ன மாதமே சலங்கை அலமாரிக்குள் போய்விட்டது. ஆகவே, முடிவுறாக் கலையின் அழகு என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். முடிக்க வசதி உள்ளவர்களின் பேச்சல்லவா அது!

சந்திரலேகாவைப் (1928–2006) பற்றி வாசித்த பிறகு அந்த எரிச்சல் சற்றுத் தணிந்தது. எல்லப்பா பிள்ளையிடம் பயின்ற அவரின் அரங்கேற்றம் 1952-இல் நடந்தது. இராயலசீமா வறட்சி நிவாரணத்திற்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. அவர் ஆடியதோ யமுனையில் பெண்கள் நீர் விளையாடும் பாடல்! கைகள் நீரை அள்ளிக்கொண்டிருக்க, வெடித்த நிலம் நினைவுக்கு வந்து உள்ளுக்குள் உறைந்துபோனதாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். அரங்கேற்றம் ஆயிற்று, கேள்வி முடியவில்லை. அதன் தொடர்ச்சியாகத்தான் பரதம், யோகம், களரி மூன்றையும் இணைத்த ‘அங்கிகா’ (1985) போன்ற படைப்புகளை நான் பார்க்கிறேன்.

அவரின் இறுதிப் படைப்பு ‘சரீரா’ (2001). கவிஞர் திஷானி தோஷியும் களரி வீரர் ஷாஜி ஜானும் பல்லாண்டுகள் ஆடியது. இசை, குண்டேச்சா சகோதரர்களின் துருபத். பரதத்தில் ஜதிக்கோவை தீர்மானத்தில் வந்து முடியும். எங்கே கைதட்டுவது என்று தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். ‘சரீரா’வில் கதையும் இல்லை, தீர்மானமும் இல்லை. ஒரு கால் மிக மெதுவாக மேலெழுகிறது. அது எங்கே போய் முடியும் என்று நம் மனம் முந்திக்கொண்டு வரைகிறது. கால் அங்கே போவதில்லை. மீதியை ஆடுவது பார்ப்பவரின் உடல். ஒளிப்பதிவில் பார்த்தபோது என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எல்லா அரைகுறையும் ஒன்றல்ல. மாமல்லபுரத்து இரதங்களை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். வலையன்குட்டை, பிடாரி இரதங்களில் மேற்பகுதி வடிவம் பெற்றிருக்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. கல்லுக்குள்ளிருந்து கோயில் எப்படி வெளிவருகிறது என்பதை முடிந்த கோயிலைவிட இவைதாம் நன்றாகக் காட்டுகின்றன. என்றாலும் அது விட்டுப்போனது, ‘சரீரா’ விட்டுவைத்தது. என்னுடையது விட்டுப்போனது. அதை அழகு என்று சொல்லி அப்பாவின் கவலையை மறைக்க நான் தயாரில்லை.

இவ்வாண்டு நம் கலைவிழாவில் அந்தப் பாதி வர்ணத்தை ஆடச் சொல்லியிருக்கிறார்கள். ஆடுவது வந்துவிட்டது. முத்தாயி ஸ்வரம் முடிந்ததும், மேடையை விட்டு ஓடாமல், வணக்கமும் சொல்லாமல் அப்படியே நிற்க வேண்டும். அதைத்தான் ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.