கேட்பார் இருந்தும் ஒலிக்காத பாட்டு

ஒரு சங்கீத வகை வானொலியிலிருந்து மறைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கேட்பாரே இல்லாமற் போவது ஒன்று. கேட்பார் ஏராளமாக இருந்தும், அவர்களால் வியாபாரத்துக்குப் பிரயோஜனமில்லை என்று கணக்குப் பார்த்து முடிவு கட்டிவிடுவது மற்றொன்று. பிங் கிராஸ்பியும் பிராங்க் சினாட்ராவும் நாட் கிங் கோலும் பாட்டி பேஜும் பாடிப் பிரசித்தமாக்கிய, அமெரிக்கர் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று மரியாதையோடு குறிப்பிடுகிற பாட்டுகளும், அவற்றோடு ஒட்டி வளர்ந்த ‘ஈஸி லிஸனிங்’ என்ற மெல்லிசையும் அந்த நாட்டு வானொலியில் அருகிப் போனது இரண்டாவது காரணத்தாலேதான் என்பது என் அபிப்பிராயம்.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்தச் சங்கீதத்துக்கு உருவம் கொடுத்ததே வானொலிதான். மைக்ரோபோன் வருவதற்கு முன்னால், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பாடியாக வேண்டிய நிர்ப்பந்தம் பாடகருக்கு இருந்தது. வந்த பின்போ, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவுக்கே குரலைத் தாழ்த்தி, மூச்சின் ஏற்ற இறக்கத்தைக்கூட உணர்ச்சியாக மாற்றி, லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்தில் ஒரே சமயத்தில் பாட முடிந்தது. 1935-ஆம் வருஷம் தொடங்கிய ‘யுவர் ஹிட் பரேட்’, ஜனங்கள் அந்தந்த வாரத்தில் அதிகம் விரும்பிய பாட்டுகளை வரிசைப்படுத்திப் பாடச் செய்து, சனிக்கிழமை இரவென்றால் குடும்பங்களை ரேடியோவின் முன் உட்கார வைத்தது. பிற்காலத்தில் சினாட்ராவும் அதில் பாடினார். அதே வருஷம் நியூயார்க்கில் மார்ட்டின் பிளாக் என்ற அறிவிப்பாளர், லிண்ட்பர்க் குழந்தை கடத்தல் வழக்கின் விசாரணைச் செய்திகளுக்கு நடுவே விழுந்த இடைவெளியை நிரப்புவதற்காக இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, பெரிய நடனசாலை ஒன்றில் வாத்தியகோஷ்டி நேரிலேயே வாசிப்பது போன்ற பிரமையை உண்டாக்கினார். வித்வான்களை நிலையத்துக்கு வரவழைப்பதுதான் கௌரவம், தட்டைப் போடுவது இரண்டாந்தரம் என்றிருந்த எண்ணம் அதன் பிறகு மெல்ல ஆட்டங்கண்டது. 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவுக்கு வருவதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தபோது, பின்பாட்டுக் குரல்களை மாத்திரம் துணையாகக் கொண்டு பாடகர்கள் தட்டுக் கொடுத்தார்கள். அதுவரை கோஷ்டிக்கு ஓர் அங்கமாயிருந்த பாடகன் அதற்குப் பின் அதன் நாயகனாக உயர்ந்தான்.

ராக் இசை இளைஞர்களைக் கவர்ந்துகொண்ட பிறகும் இந்தச் சங்கீதம் ஓய்ந்துவிடவில்லை. பெர்ஸி ஃபெய்த்தின் ‘எ ஸம்மர் பிளேஸ்’ என்ற வாத்திய இசை, 1960-இல் பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. பெரிய நகரங்களில் ஏ.எம். நிகழ்ச்சியை அப்படியே எஃப்.எம்.மிலும் திருப்பி ஒலிபரப்புவதற்கு அரசாங்கம் 1960-களின் நடுவே வரம்பு கட்டியதும், புதிதாக நேரத்தை நிரப்ப வேண்டிய நிலையங்கள் பல இந்த மெல்லிசையை நாடின. பெரிய நாடாச் சுருள்களில் வந்து சேர்ந்த இசையை, கால் மணி நேரத்துக்குக் குறுக்கீடின்றி ஓடவிட்டு, வயலின்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு குரற்பாட்டையும், தணிந்த தொனியில் சில வார்த்தைகளையும், மிகச் சொற்பமான விளம்பரங்களையும் வைத்த அந்நிலையங்கள், 1970-களில் நேயர் கணக்கெடுப்பில் பல நகரங்களில் முன்வரிசையில் நின்றன.

நம்மவர் செவிக்கும் இது அந்நியமன்று. ஹிட்ச்காக்கின் படத்தில் டோரிஸ் டே பாடி, 1956-ஆம் வருஷத்துப் பாட்டுக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்ற ‘கே ஸெரா ஸெரா’, மறுவருஷமே ‘ஆரவல்லி’ படத்தில் ஜிக்கி, ஏ. எம். ராஜா குரல்களில் தமிழாகிவிட்டதை ரஸிகர்கள் அறிவார்கள்.

இத்தனை செல்வாக்குடன் இருந்ததை வீழ்த்தியது ஓர் எண் கணக்கு. விளம்பரதாரர் விலை கொடுத்து வாங்க விரும்புவது 25 வயதிலிருந்து 54 வயது வரை உள்ள நேயரையே. அதற்கு மேற்பட்டவர் வாங்கும் பொருள்களை முன்பே தீர்மானித்துவிட்டவர், புதிய சரக்குக்கு மனம் கொடார் என்பது அவர்கள் சித்தாந்தம். 1945-இல் இருபது வயது வாலிபனாக இருந்து சினாட்ராவைக் கேட்டு மயங்கியவன், 1980-இல் 55 வயதை எட்டினான். எட்டிய அன்றே, அவன் செவி கூர்மையாயிருந்தும், கையில் பணமிருந்தும், கணக்கிலிருந்து நீக்கப்பட்டான். எஃப்.எம்.மிடம் இசை நேயரைப் பறிகொடுத்த ஏ.எம். நிலையங்களுக்காக 1978-இல் அல் ஹாம் என்பவர் தொடங்கிய ‘மியூஸிக் ஆஃப் யுவர் லைஃப்’ முதியோரைத் திரட்டித் தந்தது உண்மைதான்; திரண்ட கூட்டத்துக்குத் தக்க விளம்பர வருமானம் வரவில்லை. மார்ட்டின் பிளாக் தட்டுச் சுழற்றிய நிலையம் 1992 டிசம்பரில் பாட்டை நிறுத்தியது. அந்த அலைவரிசை வர்த்தகச் செய்திக்குப் போயிற்று.

ருசி மாறுவது இயற்கை என்பாரும், இணையத்தில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது வானொலி எதற்கு என்பாரும் உண்டு. அதிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆயினும், வேண்டிய பாட்டைப் பெயர் சொல்லித் தேடி எடுப்பது வேறு. தனித்திருக்கும் ஒரு கிழவி, பொத்தானைத் திருப்பியதும், தன் வயதை அறிந்த ஒரு குரல் இன்ன பாட்டு, இன்னார் பாடியது என்று சொல்லக் கேட்பது வேறு. இந்த அநீதி ஒரு தலைமுறையோடு நிற்பதாகவும் இல்லை. 1950, 60-களின் ராக் பாட்டுகளை ‘பழைய பாட்டு’ என்று போட்டுவந்த நிலையங்கள் பல, அவற்றையும் கைவிட்டு 1980-களுக்கு நகர்ந்துவிட்டன. சினாட்ராவின் ரஸிகரைப் பார்த்து நகைத்த ராக் ரஸிகருக்கும் அதே வாசல் காட்டப்படுகிறது. இன்று 54 வயதுக்குள் இருப்போர் யாவருக்கும் முறை வரும்.

ஆகாயம் எந்த வியாபாரியின் சொத்தும் அன்று. அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமம் பொதுஜன நன்மையைக் கருதியே வழங்கப்பட வேண்டும் என்று 1934-ஆம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம், முதியோருக்கு நாளில் எத்தனை மணி நேரம் ஒதுக்கினீர் என்று நிலையங்களைக் கேட்பது அந்நாட்டு அரசாங்கத்தின் கடமை. கேட்கும்படி செய்வது, இன்னும் அந்தக் கணக்குக்குள் இருக்கும் இளையோரின் கடமை.