உழைப்பு இருவருடையது, உறுதி யாருடையது?

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களை அண்டி ஒரு துண்டுக் காணியையோ சிறிய வீட்டையோ வாங்க முயலும் தோட்டக் குடும்பங்களை நாம் இன்று பரவலாகக் காண்கிறோம். கொழுந்து பறித்த கூலி, கொழும்புக் கடைகளில் பிள்ளைகள் பெறும் சம்பளம், மத்திய கிழக்கிலிருந்து மனைவி அனுப்பும் பணம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த வீடு உருவாகின்றது. ஆயினும் வாங்கும் வேளையில் இரண்டு ஐயங்கள் பலரையும் தயங்க வைக்கின்றன. லயத்தில் ஏற்கனவே குடியிருப்பதால் இதனை இரண்டாவது வீடாகக் கருதி மேலதிக வரி அறவிடுவார்களா? கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கினால் வரி கூடுமா?

இந்த அச்சத்துக்கு வெளிநாட்டு அனுபவங்களும் ஒரு காரணம் எனலாம். இங்கிலாந்தில் இரண்டாவது வீடு வாங்குவோர் மீது 2016 ஏப்ரலில் விதிக்கப்பட்ட 3 வீத மேலதிகத் தீர்வை, 2024 ஒக்டோபர் 31 முதல் 5 வீதமானது. சேர்ந்து வாங்கும் இருவரில் ஒருவருக்கு வேறு வீடு இருந்தாலும் பொதுவாக முழு விலை மீதும் அது அறவிடப்படும். சிங்கப்பூரிலோ இரண்டாவது வீடு வாங்கும் பிரஜை 2023 ஏப்ரல் முதல் 20 வீதம் மேலதிகமாகச் செலுத்த நேர்கிறது.

இலங்கையின் முத்திரைத் தீர்வையில் இத்தகைய பாகுபாடு கிடையாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி ஆதன மாற்றத்துக்கான இத்தீர்வை மாகாண சபைகளுக்குரியது. முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் எஞ்சிய தொகைக்கு 4 வீதமும் என்பதே வழமையான கணக்கு. 60 இலட்சம் ரூபா பெறுமதியான வீட்டுக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம் ரூபா செலுத்த வேண்டும். வாங்குபவர் ஒருவராயினும் இருவராயினும் தொகை ஒன்றே. லயன் அறையோ சட்டப்படி தொழிலாளியின் சொத்தே அல்ல. ஆகவே அதனை முதல் வீடு என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் செலவு கூடும் என்று எண்ணி கணவனின் பெயரில் மட்டும் உறுதி எழுதுவதே பின்னர் செலவை வரவழைக்கின்றது. அதே வீட்டின் பாதியைப் பிற்காலத்தில் மனைவிக்கு நன்கொடையாக எழுதினால், முதல் 50 ஆயிரத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 2 வீதமுமாக 60 ஆயிரத்து 500 ரூபா தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம் வேறு. தொடக்கத்திலேயே இருவர் பெயரையும் எழுதியிருந்தால் இது மிச்சம்.

மரணத்தின் பின்னர் இதன் முக்கியத்துவம் இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாணத் தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. அவர்களுக்குப் பொதுச் சட்டமே உரியது. மரணசாசனம் இன்றிக் கணவன் இறந்தால் அவரது சொத்தில் பாதி மனைவிக்கும் பாதி பிள்ளைகளுக்கும் சேரும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்குரிய பங்கு எட்டில் ஒன்று. வீடு சரிபாதியாக இருவர் பெயரிலும் இருந்தால் மனைவியின் பாதி பங்கீட்டுக்கே வராது. கணவனின் பாதியிலிருந்து மட்டுமே வாரிசுப் பங்குகள் பிரியும். அப்போது தமிழ்ப் பெண்ணுக்கு முக்கால் பங்கும், முஸ்லிம் பெண்ணுக்குப் பதினாறில் ஒன்பது பங்கும் உறுதியாகின்றன. பங்குகளின் அளவை உறுதியிலேயே தெளிவாகக் குறிப்பிடுவது பிற்காலப் பாகப்பிரிவினை வழக்குகளைத் தவிர்க்கும்.

மேலும் சில அவதானங்கள் அவசியம். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதுவோர் பின்னர் மிகுதியைக் கட்ட நேரிடும். வெளிநாட்டுப் பிரஜையான உறவினரைப் பங்காளியாகச் சேர்ப்பதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. இரட்டைப் பிரஜைகளுக்கு அத்தடை இல்லை. இரண்டாவது வீடு என்ற வேறுபாடு இங்கு விற்கும்போதே தலைகாட்டும். 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மூலதன ஆதாய வரியிலிருந்து, உரிய காலம் வாழ்ந்த பிரதான வதிவிடத்துக்கே விலக்கு உண்டு.

நுவரெலியாவில் உல்லாச விடுதி வாங்கும் செல்வந்தரும், தலைமுறைகள் லயத்தில் வாழ்ந்து முதன்முதலாக உறுதி பெறும் தொழிலாளியும் ஒரே வீதத்தில் தீர்வை செலுத்துவது நியாயமா என்பதை மாகாண நிர்வாகம் சிந்திக்க வேண்டும். தோட்டக் குடும்பத்தின் முதல் உறுதிக்குச் சலுகை வழங்குவது பெரும் இழப்பாகாது. அதற்கு முன்னர் நம் குடும்பங்கள் செய்யக்கூடிய செலவில்லாத நீதி ஒன்றுண்டு. கொழுந்துக் கூடை சுமந்தவளின் பெயரும் வீட்டு உறுதியில் இடம்பெறட்டும்.