மூன்று வகுப்பு, ஒரே வாத்தியார் அம்மா!

பக்கத்து வீடு 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் 400 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் சிவப்பு மண். அதற்கு மேல் வானம். வேறு ஒன்றும் கண்ணில் படாது.

இந்த வீட்டுக் குழந்தைகள் எப்படிப் படிப்பார்கள்?

வீட்டிலேயே படிக்கிறார்கள்!

ஆஸ்திரேலியாவின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் உண்டு. அதைச் சுற்றிலும் பெரிய மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. சில பண்ணைகள் நம் ஊர் மாவட்டம் அளவுக்குப் பெரியவை. பண்ணைக்கு ஒரு குடியிருப்புத்தான். அங்கே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக முடியாது; பஸ்ஸும் கிடையாது.

அதனால் பள்ளிக்கூடம் குழந்தைகளைத் தேடி வருகிறது. அதன் பெயர் "ஆகாயப் பள்ளிக்கூடம்". அது பாடம் நடத்தும் பரப்பு 13 லட்சம் சதுர கிலோ மீட்டர். அதாவது, பத்து தமிழ்நாடு!

டாக்டர் ரேடியோ

முன்பெல்லாம் தபாலில்தான் பாடம் வரும். குழந்தைகள் விடை எழுதி அனுப்புவார்கள். அது திருத்தி வருவதற்குள் பல நாட்கள் ஓடிவிடும்.

1928-ம் ஆண்டில் "பறக்கும் டாக்டர்" சேவை தொடங்கியது. நோயாளி இருக்கும் இடத்துக்கு டாக்டர் விமானத்தில் போவார். ஆனால் டாக்டரைக் கூப்பிடுவது எப்படி? ஆல்பிரட் டிரேகர் என்பவர் அதற்கு ஒரு ரேடியோ செய்தார். சைக்கிளை மிதிப்பது போல் காலால் மிதித்தால் அதற்கு மின்சாரம் கிடைக்கும். 1929-ம் ஆண்டில் அது பண்ணைகளுக்கு வந்தது.

அடிலெய்ட் மீத்கே என்ற அம்மையார் கல்வித் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர். பண்ணைக் குழந்தைகள் வெளி ஆட்களைக் கண்டால் கூச்சப்படுவதை அவர் கவனித்தார். டாக்டருக்கு உதவும் ரேடியோ, பாடம் சொல்லவும் உதவும் என்று கண்டார். 1951-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ரேடியோப் பாடம் தொடங்கியது.

முதலில் ஆசிரியை பேசுவார், குழந்தைகள் கேட்பார்கள். விரைவிலேயே குழந்தைகளும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். ஒரு குழந்தையின் குரலை மற்றக் குழந்தைகள் எல்லோரும் கேட்டார்கள். முகம் தெரியாத தோழர்கள் கிடைத்தார்கள்!

இப்போது ரேடியோ இல்லை. செயற்கைக் கோள் வழியாகக் கம்ப்யூட்டரில் பாடம் நடக்கிறது. முகமும் தெரிகிறது. ஆனால் அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான். மீதி நேரம் முழுவதும் யார் சொல்லிக் கொடுப்பது? வசதி உள்ளவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். பல வீடுகளில் அம்மாதான் வாத்தியார்!

அம்மாவின் வாரம்

ஒரு பண்ணை வீட்டை எடுத்துக் கொள்வோம். மூத்த பெண்ணுக்கு வயது 12. அடுத்த பையனுக்கு 10. அவன் தம்பிக்கு 7. கடைக்குட்டிப் பெண்ணுக்கு 4.

திங்கட்கிழமை காலை. வெயில் ஏறும் முன்பே அப்பா மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். குழந்தைகள் மேஜை முன் உட்கார்ந்தாயிற்று. அம்மா முதலில் 7 வயதுப் பையனிடம் போகிறாள். அவனுக்குத்தான் கூட உட்கார்ந்து சொல்ல வேண்டும். மூத்தவள் தானே படிப்பாள். நடுவில் உள்ளவன் கணக்குப் போடுவான். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குவான். கடைக்குட்டி மேஜைக்கு அடியில் கிறுக்கிக் கொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கணக்கில் தகராறு. பின்னக் கணக்கு பையனுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் மறந்து போய்விட்டது! அவள் ரொட்டியை எடுத்து நாலாக வெட்டினாள். "இதில் மூன்று துண்டு எடு" என்றாள். முக்கால் என்றால் என்ன என்று இருவருக்குமே விளங்கிவிட்டது.

புதன்கிழமை, சின்னவன் தன் ஆசிரியையுடன் தனியாகப் பேசும் நாள். பத்து நிமிஷம் அவன் வாசித்துக் காட்ட வேண்டும். அவன் திக்கித் திக்கி வாசிக்கிறான். அம்மாவின் நெஞ்சு படபடக்கிறது. "நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையோ?" அவள் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. பிள்ளை பின்தங்கினால் பழியைத் தன் மேலேயே போட்டுக் கொள்கிறாள். "போன வாரத்தைவிட நன்றாக வாசித்தாய்" என்றார் ஆசிரியை. அம்மாவுக்கு மூச்சு வந்தது!

வியாழக்கிழமை மாடுகளை ஒன்று சேர்க்கும் வேலை. வேலையாட்கள் அத்தனை பேருக்கும் சாப்பாடு போட வேண்டும். அன்று மூத்த பெண் தம்பிகளுக்குப் பாடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை தபால் விமானம் வந்தது. புத்தகங்கள் வந்தன. அன்று வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை!

சனிக்கிழமை விடுமுறை. அப்பாவோடு பையன் குழாய்க் கிணற்றைப் பார்க்கப் போனான். "ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தண்ணீர் குடித்தால், 200 மாட்டுக்கு எவ்வளவு?" என்றார் அப்பா. "பத்தாயிரம் லிட்டர்!" என்றான் பையன். விடுமுறையிலும் கணக்கு!

பிரிவு

ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு முறை பண்ணைக்கு வருவார். ஆண்டில் சில முறை குழந்தைகளும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய் ஒன்றாகப் படிப்பார்கள், ஓடி விளையாடுவார்கள்.

ஆகாயப் பள்ளியில் 9-ம் வகுப்பு வரை உண்டு. ஆனாலும் பல பெற்றோர் 12, 13 வயதிலேயே பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். செலவு அதிகம், பிரிவோ அதைவிடப் பெரிது. இப்படிப்பட்ட பெற்றோர் 1971-ம் ஆண்டில் பர்க் என்ற ஊரில் கூடி, ஒரு சங்கமே தொடங்கினார்கள். தொலைவில் பிறந்ததால் படிப்புக் குறையக் கூடாது என்று அது இன்றும் குரல் கொடுக்கிறது.

நம் பண்ணை வீட்டு மூத்த பெண்ணும் அடுத்த ஆண்டு விடுதிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவு. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். அம்மா மகளின் புது உடுப்புகளில் பெயர் தைக்கிறாள். கண் கலங்குகிறது. துடைத்துக் கொள்கிறாள்.

பிறகு, நாளைய பாடத்தைப் புரட்டுகிறாள். கடைக்குட்டிக்கு அடுத்த ஆண்டு பாலர் வகுப்பு. மேஜைக்கு அடியில் இருந்தவள் மேஜைக்கு வந்துவிடுவாள்.

மீண்டும் மூன்று வகுப்பு. அதே வாத்தியார்!