மழைநாளில் பொறி போகும் வழி

மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் வசிக்கும் வாசக அன்பர் ஒருவர் தம்முடைய மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு விசித்திரமான முறையீட்டை எனக்கு எழுதியனுப்பியிருக்கிறார். வெயில் காலம் முழுவதும் ஒரு குறையுமின்றி ஓடும் அந்த வண்டி, ஜூன் மாதத்து மழை இறங்கிய மாத்திரத்தில் வேறொரு சுபாவம் கொண்டுவிடுகிறதாம். உதைத்தால் உடனே கிளம்புகிறது. நின்ற இடத்தில் சீராகவே ஓடுகிறது. ஆனால் கோபர் பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகியதும் திணறுகிறது, மிஸ்ஸிங் ஆகிறது, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கும்படி ஊர்ந்து செல்கிறது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்துப் பொறி வருவதைக் கண்ணாரக் காட்டி, கரன்ட் நன்றாயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தாராம். அடுத்த மழையிலும் வண்டி முன்போலவே திணறியது. “பொறி வருவதை நானே பார்த்தேனே, அப்படியிருக்கக் குறை எங்கே?” என்பது அன்பருடைய கேள்வி.

பிற காரணங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லி ஒதுக்கிவிடுகிறேன். காகிதத்தாலான ஏர் ஃபில்டர் நனைந்துபோனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஆனால் அந்தக் குறை மழை விட்டதும் விலகாது, ஃபில்டர் உலரும் வரையில் வேகமே எழாமல் கனத்தே கிடக்கும். பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருந்தால், வண்டி வெயிலிலும் திணறும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானதாகையால் டாங்கின் அடியில் தங்குகிறது. ஆகவே குழாயை ரிசர்வுக்குத் திருப்பியதும் தொல்லை அதிகமானால் இந்தச் சந்தேகம் ஊர்ஜிதமாகிறது. இக்காலத்து எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு ஜலத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும் என்றாலும், அளவு மீறினால் ஜலமும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பெல்ட் நனைந்து வழுக்குவதும் உண்டு; அப்போது எஞ்சின் உரக்கக் கத்தும், வண்டி மட்டும் நகராது. அன்பர் சொல்லும் லக்ஷணம் இவை ஒன்றிலும் சேரவில்லை. மழையில் தோன்றி, எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் தானே மறைந்து, சும்மா ஓடும்போது தெரியாமல் பாரம் ஏறும்போது மட்டும் தலைகாட்டும் குறை, பொறியின் பாதையில் உள்ள குறையே என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அப்படியானால் கண்ணால் கண்ட பொறி பொய்யா? பொய்யல்ல, ஆனால் அந்தப் பரீக்ஷை எஞ்சினுக்குள் நடப்பதற்குச் சாட்சியாகாது. இந்த ஒரு நுட்பம் எனக்கு வெகுநாளாகப் பிரியமானது. ஆகையால் இதன் மேல் சற்று நிதானமாகத் தங்கிச் செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

பாட்டரியில் 12 வோல்ட்டாக இருக்கும் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது என்பது யாவரும் அறிந்ததே. பலர் கவனிக்கத் தவறுவது, அந்த வோல்ட்டேஜ் ஒரு நிலையான தொகையாக வந்து நிற்பதில்லை என்பதை. கண்ணிமைக்கும் நேரத்தின் மிகச் சிறு பங்கில் அது பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது. ஏறும் வழியில், எந்த இடம் முதலில் இடங்கொடுக்கிறதோ அந்த இடத்தில் பாய்ந்து தன் சக்தி முழுவதையும் இறக்கிவிடுகிறது. பிளக்கின் முனைகளுக்கிடையே சுமார் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. வெளிக்காற்றில் இந்த இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். ஆனால் வாயுவின் நெருக்கம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்ட வேண்டிய வோல்ட்டேஜும் கூடிக்கொண்டே போகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரீட்ரிக் பாஷன் 1889ஆம் ஆண்டில் இந்த விதியைப் பிரசுரித்தார்: பொறி பாயத் தேவையான வோல்ட்டேஜை நிர்ணயிப்பது இடைவெளி மட்டுமன்று, இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் தொகை.

ஆக்சிலேட்டரை மூடி வைத்திருக்கும்போது எஞ்சின் சிறிதளவு காற்றையே உள்ளே இழுக்கிறது. அதை அழுத்தினாலும் நெருக்கம் அதிகமாவதில்லை. பாலத்தின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் திருகும்போதோ சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் புகுந்து, முன்னிருந்த இடத்தின் ஒன்பதில் ஒன்றோ பத்தில் ஒன்றோ ஆன இடத்துக்குள் அமுக்கப்படுகின்றன. அந்த நெருக்கத்தினூடே பொறி பாயத் தேவையான வோல்ட்டேஜ் 10,000ஐ எட்டவும் கடக்கவும் கூடும். ஆகவே எஞ்சினுக்கு வெளியே, எளிய காற்றில் பாய்ந்து காட்டும் பொறி, உள்ளே முழு பாரத்தில் பாயும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

டோம்பிவிலி ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு வண்டி ஏறிப் பழகியவன் நான். அதனால் இந்த விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளாட்பாரமே நினைவுக்கு வரும். இரவு பதினொரு மணிக்குப் பிரயாணிகள் யாவரும் அவரவர் பெட்டியில்தான் ஏறுகிறார்கள். வேறு வழி தேட வேண்டிய அவசியம் ஒருவருக்கும் நேர்வதில்லை. காலையிலோ, வாசலில் ஜனங்கள் அடைந்து நிற்கிறபடியால், பத்தடி தள்ளிச் சாமான் பெட்டியின் கதவு சிறிது திறந்திருந்தாலும் ஆட்கள் அங்கே ஓடிவிடுகிறார்கள். அந்தக் கதவு அழுத்தமாக மூடியிருந்தாலோ, எவ்வளவு நெருக்கமானாலும் தங்கள் பெட்டிக்குள்ளேயே புகுந்துதான் தீருவார்கள். மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியின் கதவாக இருப்பது பிளக்கின் தலையில் மாட்டும் பிளக் கேப்பும், அதன் ரப்பரும், காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் உறையுமே. உலர்ந்த நாளில் அவை மூடிய கதவு. நனைந்த நாளில் திறந்த கதவு.

இங்கே ஜலத்தின் மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. சுத்த ஜலம் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். கடத்துவது, ஜலத்தில் கரைந்த உப்பும் அமிலமும் மற்ற அழுக்குகளுமே. மழையில்லாத எட்டு மாதங்களில் பிளக் கேப்பின் மேலும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் மேலும் படியும் தூசியும் புகையும் உலர்ந்திருக்கும் வரையில் சாதுவாக இருக்கின்றன. முதல் மழையின் ஈரம் பட்டதும் மின்சாரத்துக்கு நடைபாதை அமைத்துவிடுகின்றன. எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழும் டோம்பிவிலிவாசிகளுக்கு நான் இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் இவ்வூரில் பச்சை நிறத்தில் மழை பெய்ததென்றும், 2020 பிப்ரவரியில் தொழிற்பேட்டைச் சாலையே இளஞ்சிவப்பாயிற்றென்றும் செய்திகள் வந்தன. அத்தகைய காற்றிலிருந்து படிவது வெறும் மண் தூசியாக இராது.

பிளக்கின் பீங்கான் கழுத்தில் வளையம் வளையமாக வரிகள் ஓடுவதைப் பலர் அலங்காரமென்று நினைக்கலாம். மேற்பரப்பில் ஒழுக முயலும் மின்சாரம் நேராகச் செல்லாமல் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிச் செல்லும்படி வழியை நீளமாக்குவதற்காக ஏற்பட்டவை அவை. இதே தத்துவத்தைப் பெரிய அளவில் காண விரும்புகிறவர், ரயில் பாதையின் மேலே கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்களை அண்ணாந்து பார்க்கலாம். மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பிரதான பாதை 2015ஆம் ஆண்டில் 1,500 வோல்ட்டிலிருந்து 25,000 வோல்ட்டுக்கு முழுவதும் மாற்றப்பட்டது. அவ்வளவு பெரிய ரயிலை இழுக்கும் கம்பியின் வோல்ட்டேஜும், நம் வண்டியின் காயில் எட்டக்கூடிய உச்ச வோல்ட்டேஜும் ஏறத்தாழ ஒரே தரத்தவை. ரயில்வேயில் மழைக்கு முன் இன்சுலேட்டரைத் துடைப்பதற்கு ஆட்களை நியமித்திருக்கிறார்கள்; பிளக் கேப்பைத் துடைப்பதற்கு நம்மில் எத்தனை பேர் ஒரு பழந்துணியை ஒதுக்கியிருக்கிறோம்?

ஒருமுறை மின்சாரம் தவறான வழியில் பாய்ந்தால், சென்ற தடத்தில் ரப்பரையும் பேக்கலைட்டையும் கருக்கிவிடுகிறது. கருகியது கரி, கரியோ மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆகவே அடுத்த முறை அந்தத் தடத்தில் பாய்வது இன்னும் சுலபமாகிறது. “போன வருஷம் கனமழையில்தான் திணறியது, இந்த வருஷம் தூறலிலேயே திணறுகிறது” என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான்.

குறையைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. இருட்டிய பிறகு, காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், பெட்ரோல் கசிவு இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடுங்கள். இஸ்திரிக்கடைகளில் இருக்கும் தெளிப்புக் குப்பியால் பிளக் கேப், வயர், காயில் என்று ஒவ்வோரிடமாகத் தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். எங்கே நீல நிறத்தில் மெல்லிய கோடு நெளிகிறதோ, எங்கே ‘டிக் டிக்’ என்ற சப்தம் கேட்கிறதோ, அங்கேதான் கதவு திறந்திருக்கிறது. வயரைக் கையால் தொடக் கூடாது. அதிர்ச்சி பலமாக இருக்கும். காயிலின் பலத்தை அறிய விரும்பும் மெக்கானிக், பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்துப் பார்ப்பதற்குப் பதிலாக, வெளிக்காற்றில் குறைந்தது 6 மில்லிமீட்டர் தாண்டச் செய்யும் ஸ்பார்க் டெஸ்டரை உபயோகிக்க வேண்டும். உள்ளேயுள்ள நெருக்கத்துக்கு ஈடாக வெளியே தூரத்தை அதிகமாக்குவதே அதன் தந்திரம். பாஷனுடைய பெருக்கல் கணக்கே அந்தச் சிறு கருவியில் வேலை செய்கிறது.

நிவாரணமும் கடினமானதல்ல. வெடித்த கேப்பையும் அதன் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். கேப்பில் திருகி மாட்டும் வயராக இருந்தால், பச்சைபிடித்த நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிதாகத் திருக வேண்டும். ரப்பரின் உள்விளிம்பில் சிலிகான் கிரீஸ் சிறிது தடவலாம். பல எஞ்சின்களில் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து தண்ணீர் வெளியேறுவதற்கென்றே சிறு துவாரம் உண்டு. அது மண்ணால் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்திவிட வேண்டும். 2003 முதல் வந்த பல்சர் போன்ற இரட்டைப் பிளக் வண்டிகளில் ஒரு பிளக் மட்டும் நின்றுபோனால் எஞ்சின் நிற்காது, பிக்கப் மட்டும் குறையும். அவற்றில் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். “மழைதானே, நாலு மாதம் போகட்டும்” என்று விட்டுவிடுவது உசிதமல்ல. பற்றாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளின்படி அமைந்த வண்டிகளில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு பிளக் கேப்பின் விலையைப் போல் பல மடங்கு.

இந்தச் சிறு ரப்பர் உறுப்புகள் அகாலத்தில் வெடிப்பதற்கு நம்முடைய பழக்கங்களும் காரணம். வாட்டர் சர்வீஸ் என்ற பெயரால், பீறிட்டு வரும் தண்ணீரை எஞ்சின் தலையின் மேல் நேராகப் பாயச் செய்து, மழையால் ஒருபோதும் புக முடியாத சந்துகளுக்குள் ஈரத்தைப் புகுத்துகிறோம். வண்டி பளபளவென்று இருந்தால் பராமரிப்பு முடிந்ததென்று திருப்தியடைகிறோம்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. மெக்கானிக் அரை மணி நேரம் யோசித்து, பரீக்ஷித்து, “கேப்பைத் துடைத்து மாட்டினேன், சரியாகிவிட்டது” என்று சொன்னால், அதற்குக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, “துடைத்ததற்கா காசு?” என்று கேட்கிறோம். அவரே புதுக் காயிலும் புதுப் பிளக்கும் போட்டு, பழையவற்றைக் கையில் கொடுத்தால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகிறோம். சாமானுக்கு விலை உண்டு, ஆராய்ச்சிக்கு விலையில்லை என்று வாடிக்கையாளர்களே கற்பித்த பிறகு, மெக்கானிக் ஆராய்வதை விட்டுச் சாமான்களை மாற்றத் தொடங்குவதில் ஆச்சரியம் என்ன? கெடாத கார்பரேட்டர்கள் பிரிக்கப்படுவதும், நல்ல காயில்கள் குப்பைக்குப் போவதும், புத்தியுள்ள இளைஞர்கள் அந்தத் தொழிலில் தங்கள் புத்தியை உபயோகிக்காமலே வயதாகிப் போவதும் இந்த வழக்கத்தின் பலன்கள்.

ஆகவே அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இது: தெளிப்புக் குப்பியோடு அதே மெக்கானிக்கிடம் இருட்டிய பிறகு செல்லுங்கள்; இருவருமாகச் சேர்ந்து தேடுங்கள்; நீலக் கோடு தென்பட்டதும், மாற்றிய சாமான் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தேடிய நேரத்துக்கென்று தனியே ஒரு தொகையை அவர் கையில் கொடுங்கள்.