மலையைப் பார்த்த கண்கள்

கள்ளக்குறிச்சியில் சாராயம் என்று பேச்செடுத்தால் எல்லோர் கையும் மேற்கே மலையைத்தான் காட்டும். கல்வராயன் மலையின் ஓடைக்கரைகளில் பிளாஸ்டிக் பேரல்களில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறும். போலீஸ் ஏறிப்போய்க் கவிழ்த்துவிட்டு வரும். மறுநாள் நாளிதழில் 'இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தி. கவிழ்ந்த பேரலுக்குப் பக்கத்தில் காவலர்கள் நிற்கும் படமும் இருக்கும். ஆண்டுக்கணக்காக நடக்கிற சடங்கு இது.

2024 ஜூன் மாதம் சாவு நுழைந்த இடம் மலை அல்ல. நகரின் நடுவே உள்ள கருணாபுரம். ஜூன் 18 அன்று அங்கே பாக்கெட்டில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்கல் என்று அடுத்தடுத்துச் சரிந்தார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில்தான். 65 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கள்ளக்குறிச்சி, முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு ஊர் மருத்துவமனைகளிலும் படுக்கைகள் நிரம்பின.

ஊருக்கே தெரிந்த விற்பனை, பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் மட்டும் எப்படிப் படாமல் போகும்?

உளவியலாளர்களிடம் இதற்கு ஒரு பாதி விடை இருக்கிறது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரி இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. வெள்ளைச் சட்டை அணி பந்தை எத்தனை முறை கை மாற்றுகிறது என்று வீடியோவைப் பார்த்து எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து, நின்று, மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கொரில்லாவா, எங்கே என்று கேட்டார்கள்.

சாதாரண ஆட்கள்தானே என்று தள்ளிவிட முடியாது. 2013-ல் டிராஃப்டன் ட்ரூவும் அவருடைய குழுவும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்று படங்களுக்குள்ளே செருகப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் காணவில்லை. கண் அசைவைப் பதிவு செய்த கருவி இன்னொன்றையும் காட்டியது: தவறவிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை நேராக அதன்மேலேயே விழுந்திருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும், எதைத் தேடுகிறோமோ அதுதான் அகப்படும்.

கள்ளக்குறிச்சியில் தேடப்பட்டது ஊறல். அழித்த லிட்டர்தான் கணக்கில் ஏறும். எனவே பேரல்தான் கண்ணில் படும். ஆனால் கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது பெயின்ட், பசை போன்றவை தயாரிக்கும் தொழில்களில் புழங்கும் ரசாயனம். வெல்ல ஊறலைக் காய்ச்சி ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் எடுத்துவிட முடியாது. அது தொழிற்சாலைச் சரக்காக, சாலை வழியாகத்தான் வர வேண்டும். பார்வைக்குத் தண்ணீர் போல இருக்கும். உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும் என்பதால், குடித்தவருக்கும் முதலில் சந்தேகம் வராது. ஓராண்டுக்கு முன்புதான், 2023 மே மாதம், மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கு மேற்பட்டோரைப் பலி வாங்கியிருந்தது. அதற்குப் பிறகும் மலைமேல்தான் கண்.

கருணாபுரத்தின் முதல் சாவுகளின்போது இன்னொரு சறுக்கல். கள்ளச்சாராயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றது மாவட்ட நிர்வாகம். வேறு நோய்கள் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தப் பேச்சை நம்பிப் பலர் மேலும் குடித்தார்கள், மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் கொரில்லா ஆய்வை வைத்து எல்லோரையும் விடுவித்துவிடக் கூடாது. பந்தை எண்ணியவர்களுக்குக் கொரில்லாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இங்கே சொன்னவர்கள் உண்டு. தங்கள் எம்.எல்.ஏ. 2023-லேயே சட்டப்பேரவையில் கள்ளச்சாராயப் பிரச்சினையை எழுப்ப முயன்றதாக அ.தி.மு.க. கூறியது. 2024 நவம்பரில் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய சென்னை உயர் நீதிமன்றமும், காவல்துறை கண்டும் காணாமல் இருந்திருக்கிறது என்ற கருத்தையே வெளியிட்டது. கவனம் சிதறியதால் தவறவிடுவது வேறு. முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. கருணாபுரத்தில் இரண்டாவதுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

சம்பவத்துக்குப் பிறகு என்ன நடந்தது? மறுபடியும் மலையில் ரெய்டு, மறுபடியும் பேரல் படம். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அங்கே சாலையும் மருத்துவமனையும் வேலையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க, உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களையும் சரியாகப் பார்க்கவில்லை.

சாராய விற்பனை பற்றிப் புகார் சொல்ல 10581 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ வயிறு வலித்தாலோ, போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.