கதவடைக்காமல் அங்காடியைப் புதுப்பித்தல்

கூட்டுறவு அங்காடிகளுக்கும் வயதாகின்றது. தரை பெயர்கின்றது; அலமாரிகள் துருவேறுகின்றன; பழைய குளிர்பதனப் பெட்டிகள் மின்சாரத்தை விழுங்குகின்றன. புதுப்பிக்கவேண்டும் என்னும் தீர்மானம் மகாசபையில் எளிதில் நிறைவேறிவிடும். வேலை முடியும்வரை அங்காடியை மூடுவதா, திறந்தே வைத்திருப்பதா என்பதுதான் கடினமான கேள்வி.

மூடிவிட்டால் வேலை விரைவில் முடியும், செலவும் குறையும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கத்தரிக்காயும் கீரையும் பூட்டிய கதவின்முன் காத்திரா. தறியிலிருந்து இறங்கிய புடவை விற்றால்தான் நெசவாளர் சங்கம் அடுத்த பாவுக்கு நூல் வாங்க இயலும். மேலும், இரண்டு மாதம் வேறு கடைக்குச் சென்று பழகிய அங்கத்தினர் மீண்டும் நம்மிடம் வருவார் என்பதற்கு உறுதியில்லை.

நமது இயக்கத்தின் வரலாறு இங்கே நினைவுகூரத்தக்கது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் டோட் லேன் தெருவில், நெசவாளர் பலர் அடங்கிய முன்னோடிகள் வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி முதலிய சில பண்டங்களுடன் கடை திறந்தனர். தொடக்கத்தில் சில மாலைவேளைகளில் மட்டுமே அக்கடை நடந்தது. அங்கத்தினரின் நம்பிக்கை வளர வளரவே, திறந்திருக்கும் நேரமும் வளர்ந்தது. அந்த ராச்டேல் வழியைப் பின்பற்றியே 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் 1942இல், யுத்தத்தால் ஆள் பற்றாக்குறை நிலவிய வேளையில், லண்டன் கூட்டுறவுச் சங்கம் சுயசேவை முறையை மேற்கொண்டது. கடையின் உள்ளமைப்பு காலத்திற்கேற்ப மாறவேண்டியதே. அம்மாற்றத்தின்போது வாடிக்கை அறுந்துபோகலாகாது.

ஆகவே, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வதே தக்க வழி. முதலாவது, புதுப்பிக்கவிருக்கும் பகுதியின் சரக்கைச் சில வாரங்களுக்கு முன்பே குறைத்துவர வேண்டும். காலி அலமாரியை நகர்த்துவது எளிது. இரண்டாவது, அப்பகுதியைத் தரையிலிருந்து கூரைவரை தூசி புகாத திரையால் அடைக்கவேண்டும். சிமெண்டுத் தூசி அரிசியில் கலக்கும், துணியில் படியும். தேயிலையும் வெண்ணெயும் வர்ணத்தின் வாடையை விரைவில் ஏற்றுக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. மூன்றாவது, தரையை உடைக்கும் வேலையும் பற்றவைப்பு வேலையும் கடை அடைத்த பின்னரே நடக்கவேண்டும். ஒரு தீப்பொறி போதும், எண்ணெயும் பருத்தித் துணியும் உள்ள இடத்தில் பெருநாசம் விளைய.

குளிர்பதனப் பெட்டியில் தனிக்கவனம் தேவை. புதிய பெட்டி ஓடி, உரிய குளிர்நிலையை அடைந்த பிறகே பழையதை நிறுத்தலாம். உறையவைத்த உணவு மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். பாலும் தயிரும் 5 டிகிரிக்கு மேற்படாதிருத்தல் நலம். இடம் மாற்றிய தராசைச் சமதளத்தில் நிறுத்தி, முத்திரையிட்ட எடைக்கற்களால் சோதித்த பின்னரே விற்பனைக்குப் பயன்படுத்தவேண்டும். எடையில் ஐயம் எழுந்தால், புதிய தரையும் விளக்கும் அதை மறைத்துவிடா. அவசர வழியில் ஒரு மூட்டைகூட வைக்கலாகாது.

அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகிய அன்றாடப் பண்டங்கள் ஒரு நாளும் இல்லாமற்போகக்கூடாது. அவை எங்கே மாறியுள்ளன என்பதை வாயிலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். எழுத்தறியாத முதியோருக்கு ஒரு சிப்பந்தி உடன்சென்று காட்டலாம்.

இரவு வேலைக்குக் கூலி அதிகம்; வேலை முடியும் நாளும் தள்ளிப்போகும். இந்த உண்மையை நிர்வாகக் குழு மறைக்காமல், மூடினால் இழக்கும் விற்பனையையும் திறந்துவைத்தால் கூடும் செலவையும் இரு பத்திகளில் எழுதி மகாசபையின்முன் வைக்கட்டும். கணக்கைக் கண்ட அங்கத்தினர் சில வாரத் தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்வர். அங்காடி அவர்களுடையதல்லவா?