நெகிழ்ந்த மூட்டுகள்

கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட்டுக் காட்டும் மாணவனைக் கண்டு தோழர் வியப்பர். அவனே இரண்டு பக்கம் எழுதுமுன் கை நோகிறதென்று பேனாவைக் கீழே வைத்தால் சோம்பேறி என்பர். இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றாயிருத்தல் கூடும் என்று எண்ணுவார் சிலரே.

எலும்போடு எலும்பைப் பிணைத்து, மூட்டு எல்லை கடவாதவாறு காப்பன தசைநார்கள். அவற்றிற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். சிலருக்குப் பிறவியிலேயே இந்நார்கள் மிகுதியாக நெகிழும். சிறுவரைவிடச் சிறுமியரிடம் இது மிகுதி. வயது ஏற ஏறக் குறையும். பெரும்பாலோர்க்கு இதனால் இடரில்லை. நடனம் பயில்வோர்க்குத் துணையும் ஆகும். சிலர்க்கோ, நார்கள் தளர்ந்தமையால், மூட்டை நிலைநிறுத்தும் சுமை தசைகளின்மேல் விழுகிறது. அவை விரைவில் சோர்கின்றன. எழுதும் விரல்கள் நோவதும், விளையாடிய அன்றிரவு முழங்கால் வலிப்பதும் இதனால் நேரும்.

மருத்துவர் இதனைப் பெய்ட்டன் அளவையால் அளப்பர். இரு சிறுவிரல், இரு கட்டைவிரல், இரு முழங்கை, இரு முழங்கால், முழங்கால் மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தல் என மதிப்பெண் 9. இத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெறுதல் பெருமையன்று!

விரலை வளைத்து வேடிக்கை காட்டுதலை விட்டு, தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைச் சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும். பருத்த பேனாவும் இடையிடையே சிறிது ஓய்வும் தந்தால், அம்மாணவனும் தன் பக்கங்களை எழுதி முடிப்பான்.